பதினேழாம் வரைபடம்

மும்பை, ஆண்டாப் ஹில்
17.3.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி பிச்சுமணி எழுதுவது. நல்லபடியாக வந்து சேர்ந்தேன். அபிக்குக் காய்ச்சல் விட்டதா? அத்தான் கேஸ் முடியும்வரை போனில் வாய் திறக்கக் கூடாது என்று வக்கீல் சொன்னதை மறக்கவில்லை. எல்லாம் கடிதத்தில்தான்.

கீழப்பாவூர்க்காரர்கள் ஆறு பேர் இருக்கும் அறையில் ஏழாவது ஆளாக ஒண்டிக்கொண்டேன். வடாலாவில் ஒரு பார்சல் கோடவுனில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு. அந்த ஒரு நாளில்தான் லிங்கேஸ்வரனைத் தேட வேண்டும். தென்காசியில் ஒருவனைத் தேடுவதென்றால் நாலு டீக்கடையில் கேட்டால் போதும். இங்கே ரயிலில் என் காலை மிதித்தவர்கள் மட்டுமே நம் ஊர் ஜனத்தொகை இருப்பார்கள். ஜாமீனில் வந்தவன் பம்பாய்க்கு ஓடிவிட்டான் என்று செங்கோட்டையில் எவனோ குடித்துவிட்டு உளறியதை நம்பித்தானே வந்திருக்கிறேன்.

ஒரு வழி செய்திருக்கிறேன். இங்கே ஃபோர்ட் ஏரியா நடைபாதையில் பழைய புத்தகம் விற்கிறவனிடம் ஊர் சுற்றுகிறவர்களுக்கான ஒரு புத்தகம் வாங்கினேன். பேட்டைக்கு ஒன்றாக இருபத்திரண்டு வரைபடங்கள். ஒவ்வொன்றிலும் கட்டம் போட்டு, எந்தத் தெரு, எந்தக் கோயில், எத்தனை நிமிட நடை என்று குறித்திருக்கிறான். வாரம் ஒன்றிரண்டு பேட்டையாகப் பார்த்துக் கட்டத்தை அடித்துக்கொண்டே போவேன்.

நீ கொடுத்தது கைலியில் சுற்றியபடி பெட்டிக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது.

அன்புத் தம்பி,
பிச்சுமணி


தென்காசி
2.4.2024

அன்புத் தம்பிக்கு,

அபிக்குக் காய்ச்சல் விட்டது. மாமா எங்கே என்று கேட்கிறாள். வேலைக்குப் போயிருக்கிறான் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அங்கே கூட்டத்தையும் கட்டடத்தையும் பார்த்து நீ எதற்குப் போனாய் என்பதை மறந்துவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. அதனால் ஒருமுறை எழுதுகிறேன். உன் அத்தான் வேலை பார்த்த குற்றாலம் லாட்ஜுக்கு அவருக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அவர் வராந்தாவில் குனிந்து செருப்பை மாட்டினார். லிங்கேஸ்வரன் குடையோடு படியேறி வந்தான். குடைக்குள் அரிவாள் இருந்தது எனக்குத் தெரியவில்லை. முதல் வெட்டு பிடரியில். அவர் திரும்பி, "ஏலே" என்று மட்டும் சொன்னார். அடுத்த இரண்டும் முகத்தில். நான் தூக்குவாளியால் அவன் முதுகில் அடித்தேன். அவன் என்னைத் தள்ளக்கூட இல்லை. ரத்தம் படியில் இறங்கி மழைத்தண்ணீரோடு தெருவுக்குப் போனது. எதிர்க் கடை நேந்திரம் சிப்ஸ்காரர் ஷட்டரை இழுத்துவிட்டார். யாரும் வரவில்லை. சொரிமுத்து என்றால் மெயின் அருவி வரைக்கும் பயப்படுவார்கள் என்று இருந்த மனுஷனை, நான் ஒருத்திதான் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் புத்தகத்தில் இன்னொன்று எனக்கும் அனுப்பு. நீ எந்தத் தெருவில் நிற்கிறாய் என்று நானும் பார்க்க வேண்டும்.

உன் அக்கா,
ஜெயபிரியா


மும்பை
28.4.2024

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தகம் அனுப்பியிருக்கிறேன். நான் அடித்த கட்டங்களை நீயும் அடித்துக்கொள்.

மூன்றாம் வரைபடம் மாட்டுங்கா முடிந்தது. அங்கே பூக்கடையில் நம் பக்கத்துப் பேச்சு கேட்டது. போட்டோவைக் காட்டினேன், தெரியாது என்றார்கள். தாராவியில் இரண்டு ஞாயிறு சுற்றினேன். சந்துக்குள் சந்து, அதற்குள் தோல் கிடங்கு. புத்தகக்காரனே அங்கே அம்புக்குறி போடாமல் விட்டிருக்கிறான். எட்டாம் வரைபடம் கிர்காவ். கோட்டாச்சிவாடி என்று ஒரு தெரு, மர வீடுகள், மாடிப்படி வெளியே. அங்கே அவன் இருக்க மாட்டான் என்று தெரிந்தும் ஒரு மணி நேரம் நின்றேன். கோபித்துக்கொள்ளாதே. பாணகங்கைக் குளத்தில் படியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அபியைக் கூட்டிவந்து காட்ட வேண்டும் என்று தோன்றியது.

ஆள் அகப்படவில்லை. அகப்படுவான்.

தம்பி,
பிச்சுமணி


தென்காசி
20.6.2024

அன்புத் தம்பிக்கு,

புத்தகம் வந்ததிலிருந்து பள்ளிக்கூட ஆபீஸ் முடிந்து வந்ததும் அதுதான் எனக்கு வேலை. தரையில் விரித்து வைத்துக்கொண்டு, உன் கடிதத்தைப் பக்கத்தில் வைத்து, சிவப்புப் பென்சிலால் உன்னோடு நடக்கிறேன். அபிக்கு ஸ்டேஷன் பேர் எல்லாம் மனப்பாடம். இத்தனை படித்த பிறகு ஒன்று கேட்கிறேன். நீ ஆளைத் தேடப் போனாயா, ஊர் பார்க்கப் போனாயா?

சீசன் ஆரம்பித்துவிட்டது. குற்றாலம் பஸ்ஸில் ஏற இடமில்லை. லாட்ஜ் வராந்தாவுக்குப் புது டைல்ஸ் போட்டுவிட்டார்கள். கொழுந்தன் இசக்கிராஜா நேற்று வந்தான். "மதினி, ஒங்க தம்பிக்கு ஏலாதுன்னா சொல்லுங்க, எங்க அண்ணனுக்கு நான் செய்யுதேன்" என்றான். என் தம்பி செய்வான் என்று சொல்லி அனுப்பினேன். என் வாக்கைக் காப்பாற்று.

அக்கா,
ஜெயபிரியா


மும்பை
21.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் எழுதத் தாமதமாகிவிட்டது. கோடவுனில் பெட்டி சரிந்து தலையில் ஏழு தையல். இப்போது பரவாயில்லை.

இங்கே மழை நம் சாரல் மாதிரி இல்லை, அடித்து ஊற்றுகிறது. போன ஞாயிறு சிவ்ரிக் கோட்டைக்குப் போனேன். மேலிருந்து பார்த்தால் கடல் தெரியவில்லை, சேறுதான் தெரிகிறது. அதற்கு முந்தின வாரம் காட்டன் கிரீன் பக்கம் பழைய பஞ்சுக் கிடங்குகளைப் பார்த்தேன். ரே ரோட்டில் ஒரு டீக்கடை, நம் ஊர்ப் பக்குவத்தில் டீ போடுகிறான்.

அவன் எங்கேயும் அகப்படவில்லை. ஒருவேளை இந்த ஊரிலேயே இல்லையோ என்னவோ. குஜராத் பக்கம் போயிருக்கலாம் என்கிறார்கள்.

தம்பி,
பிச்சுமணி


தென்காசி
12.8.2024

பிச்சுமணிக்கு,

சிவ்ரி, காட்டன் கிரீன், ரே ரோடு. இந்தக் கடிதத்தில் மூன்று இடம். அதற்குப் பிறகு நீ போட்ட இரண்டு கார்டிலும் தாருக்கானா, மறுபடி ரே ரோடு. எல்லாம் பதினேழாம் வரைபடம். அதற்கு முன்னால் நீ ஒரு பேட்டைக்கு இரண்டாம் தடவை போனது தாராவிக்கு மட்டும்தான். இன்னும் ஐந்து வரைபடங்களில் ஒரு கட்டம்கூட அடிக்காமல் அங்கேயே சுற்றுகிறாய்.

அவன் அங்கேதான் இருக்கிறான். நீ பார்த்துவிட்டாய். அந்த ஏழு தையலும் பெட்டி சரிந்து வந்ததில்லை.

நான் உன்னைத் தூக்கி வளர்த்தவள். உண்மையை எழுது.

ஜெயபிரியா


மும்பை
25.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடம் மறைக்க முடியாது. பார்த்தேன்.

தாருக்கானாவில் பழைய கப்பல்களை உடைக்கிறார்கள். துருப்பிடித்த தகடுகளை ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருப்பார்கள். ஜூன் முப்பதாம் தேதி, தோளில் சங்கிலியைப் போட்டுக்கொண்டு ஒருவன் போனான். நடையிலேயே தெரிந்துவிட்டது. தகடுகளுக்கு நடுவில் பின்னாலேயே போனேன். அரிவாளை ஓங்கினேன் அக்கா. சத்தியமாக ஓங்கினேன். அவன் திரும்பிவிட்டான். வெட்டு தோளில் சறுக்கியது. கையில் கிடைத்த கம்பியால் என் தலையில் போட்டான். கீழே விழுந்தேன். நெஞ்சில் ஏறி உட்கார்ந்து மறுபடி ஓங்கினான். அவன் தோளிலிருந்து ரத்தம் என் வாயில் சொட்டியது.

"நீ ஜெயபிரியா தம்பில்லா?" என்றான்.

வாயில் விழுந்த ரத்தத்தைத் துப்பினேன்.

"ஒன்ன அடிச்சா நாளைக்கு ஒங்க அக்கா மவ வளந்து வருவா. எத்தன பேரத்தாம்லே நான் அடிக்கது?" என்று கம்பியைத் தூக்கி எறிந்தான். பிறகு அவனே என் தலையில் துண்டைக் கட்டி ஆட்டோவில் டாக்டரிடம் கொண்டுபோனான். ஆட்டோவில் இரண்டு பேரும் ரத்தமாக உட்கார்ந்திருந்தோம். எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டபோது தகடு சரிந்தது என்று சொன்னதும் அவன்தான்.

அவனுடைய அப்பா நல்லகண்ணுவைப் பற்றி ஏன் என்னிடம் சொல்லவில்லை? அருவியில் எண்ணெய் தேய்த்துவிடும் மனுஷன். லாட்ஜில் தங்கியவளின் சங்கிலியை எடுத்துவிட்டார் என்று அத்தான் அவரை மோட்டார் ரூம் தூணில் கட்டி, இரும்புக் குழாயால் இரண்டு மணிக்கட்டையும் உடைத்தாராமே. சங்கிலி அன்று சாயங்காலமே கிடைத்துவிட்டதாமே. அதற்குப் பிறகும் யாரும் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லையாமே. சோற்றைப் பிசைய முடியாத கையோடு இருபது நாள் இருந்துவிட்டு அரளி விதையை அரைத்துக் குடித்துச் செத்தாராம். அரைத்துக் கொடுத்தது யார் என்று அவன் சொல்லவில்லை. அவன் அம்மாவாகத்தான் இருக்கும்.

அவன் செய்தது சரி என்று சொல்லவில்லை. நீ மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் மறக்கவில்லை. ஆனால் இப்போது ஞாயிறு தோறும் காலையில் அந்த டீக்கடையில் அவனோடு உட்காருகிறேன். கோர்ட்டில் போய் நின்றுவிடு என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். தீபாவளி கழித்துப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறான். அக்கா, இதை இதோடு விட்டுவிடு.

தம்பி,
பிச்சுமணி


தென்காசி
24.9.2024

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். முதலில் கிழித்துப் போட நினைத்தேன்.

சங்கிலி கிடைத்தது உண்மைதான். தலையணை உறைக்குள் கிடந்தது. கண்டெடுத்தது நான். அவரிடம் காட்டினேன். "வெளிய சொல்லாத, மானம் போயிரும்" என்றார். சொல்லவில்லை. புருஷன் சொன்னதைக் கேட்டேன். அந்தக் கிழவர் அப்போது இன்னும் தூணில்தான் இருந்தார். தண்ணி கேட்டுக்கொண்டிருந்தார். சங்கிலியைத் திரும்ப வாங்கிப்போனவள் வாயால் வெளியே போயிருக்கும், நான் இதை இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை.

நீ சொன்னபடி விட்டுவிட்டேன். உனக்கு ஒன்றும் ஆகாமல் இருந்தால் போதும். தீபாவளிக்கு வந்துவிடு. அபிக்கு நீ எடுத்து வரும் துணிதான்.

இசக்கிராஜாவுக்கும் அங்கே வேலை கிடைத்திருக்கிறது. ஊர் தெரியாதவன் என்று புத்தகத்தை அவனிடம் கொடுத்துவிட்டேன். உனக்கு முறுக்கு சுற்றிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். வந்து பார்ப்பான்.

உன் அக்கா,
ஜெயபிரியா


மும்பை
10.10.2024

அக்காவுக்கு,

உன் கடிதம் முப்பதாம் தேதி அறைக்கு வந்திருக்கிறது. நான் அப்போது ஆஸ்பத்திரியில். நேற்றுத்தான் படித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, இருபத்தொன்பதாம் தேதி, டீக்கடைக்கு நான் போனபோது இசக்கிராஜா பெஞ்சில் உட்கார்ந்து வரைபடத்தை விரித்து வைத்திருந்தான். ஊர்க்காரனைப் பார்த்த சந்தோஷத்தில், அவன் உன்னிடம் சொன்னதெல்லாம் மறந்து, "வாங்க மச்சான், எப்ப வந்திய?" என்றேன். "மதினி முறுக்கு குடுத்து விட்டிருக்கு" என்று பையைக் காட்டினான். எனக்குப் புரிவதற்குள் லிங்கேஸ்வரன் வந்துவிட்டான். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தான்.

இசக்கிராஜா பைக்குள் கையை விட்டான். முறுக்கும் இருந்தது. அதுவும் தரையில் சிதறியது. முதல் வெட்டைத் தடுக்கக் கையை நீட்டினேன். என் இடது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. லிங்கேஸ்வரன் ஓடியிருக்கலாம். என்னைப் பிடித்துப் பின்னால் தள்ளி, "ஓடுலே, பிச்சுமணி ஓடு" என்றான். அதைச் சொல்லும்போதுதான் கழுத்தில் விழுந்தது. பிறகு வயிற்றில். நான் அவன் கழுத்தைப் பொத்திப் பிடித்தேன். எது என் ரத்தம், எது அவன் ரத்தம் என்று தெரியவில்லை. ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. கப்பல் உடைக்கிறவர்கள் கம்பியோடு ஓடிவந்து இசக்கிராஜாவை அடித்துப் போட்டார்கள். தாடை உடைந்து, ஒரு கண் போய், நான் இருந்த வார்டுக்கு இரண்டு வார்டு தள்ளிப் போலீஸ் காவலில் கிடக்கிறான். உன் கொழுந்தனையும் நீ இப்படி ஆக்கிவிட்டாய்.

லிங்கேஸ்வரனின் அம்மா சங்கரம்மாள் உடம்பை வாங்க ரயிலேறி வந்தாள். கூட யாரும் இல்லை. மார்ச்சுவரி வாசலில் பாஷை தெரியாமல் நின்றாள். நான் கட்டோடு போய்ப் பேப்பர்களில் எழுதிக் கொடுத்தேன். "நீ யாரு மக்கா?" என்று கேட்டாள். அவனுக்குச் சேக்காளி என்றேன். கட்டுப் போட்ட என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, சவப்பெட்டி வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். "நல்லா இரு மக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளிடம் சொன்ன பொய்க்குப் பிறகு இன்னொரு பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

மூன்றாம் தேதி போலீஸில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நான் எதற்கு வந்தேன், அரிவாளை யார் கொடுத்தது, ஜூனில் நான் வெட்டியது எல்லாம். உன் பழைய கடிதங்களையும் கொடுத்தேன். கடைசிக் கடிதத்தை இன்று கொடுக்கப்போகிறேன். என் மேலும் வழக்கு உண்டு என்றார்கள். ஆகட்டும்.

அடுத்த வாரக் கடைசியில் இங்கிருந்து தென்காசிக்குப் போலீஸ் வருகிறது. ஓடிவிடாதே. ஓடி ஒளிந்தவன் எப்படி இருப்பான் என்று நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வக்கீலிடம் ஒன்றையும் மறைக்காதே. சங்கிலி விஷயத்தையும் சொல்.

நான் இனி எழுத மாட்டேன். நீயும் எழுத வேண்டாம்.

அபியைப் புதன்கிழமையே பக்கத்துத் தெரு குருவம்மாள் மதினி வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடு. பள்ளிக்கூடத்துக்கு அங்கிருந்தே போகட்டும். ஜீப் வரும்போது அவள் வாசலில் நிற்கக் கூடாது.

பிச்சுமணி