ஏழின் அடியில் ஆறு

மார்ச் 4, செவ்வாய்

மதிப்பிற்குரிய நாட்குறிப்பிற்கு வணக்கம். பத்தொன்பது நாள்களாக உன்னைத் திறவாதிருந்தமைக்கு மன்னிப்புக் கோருகிறேன். எழுதினால் நாணயத்தைப் பற்றித்தான் எழுதுவேன், எழுதினால் அது திரும்பிவரும் நாளை எண்ணத் தொடங்குவேன் என்று அஞ்சித் தள்ளிப்போட்டேன். இன்று வந்துவிட்டது. இனி எழுதாமலிருப்பது முடியாது.

முறைப்படி முதலிலிருந்து பதிவு செய்கிறேன். வெள்ளி நாணயம் ஒன்று. பதினோரு ஆண்டுகளுக்கு முன் பழைய இரும்புக் கடையில், துருப்பிடித்த ஆணிகளுக்கிடையே கிடந்தது. ஆண்டு இலக்கத்தின் கடைசியில் ஏழு. பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் அந்த ஏழின் அடியில் ஓர் ஆறின் வளைவு தெரியும். முந்தைய ஆண்டின் அச்சை எறிய மனமில்லாத எவரோ ஆறின் மேலேயே ஏழை அடித்திருக்கிறார். இப்படியொரு நாணயம் உண்டென்று எந்தப் பட்டியலிலும் இல்லை. கண்டவள் நான். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். இருபத்தாறு ஆண்டுகளாகக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துபவள்.

எங்கள் நாணயச் சங்கத்தின் செயலாளரிடம் காட்டினேன். சட்டைப்பையில் எப்போதும் ஏழெட்டு நாணயங்கள் குலுங்குவதால் அவருக்குச் சட்டைப்பை என்றே பெயர். அவர் லென்ஸைக்கூட எடுக்கவில்லை. "நீங்க பாத்தீங்க, சரிம்மா. தெரிஞ்சவங்க யாராவது பாத்துச் சொல்லட்டும்" என்றார். நாணயங்களைச் சோதித்துத் தர எண் வழங்கும் கிரேடிங் நிறுவனத்தின் சீட்டோடு இம்மாதம் முப்பதாம் தேதிக் கூட்டத்திற்கு வந்தால், சங்கம் அச்சிடும் புதுப் பட்டியலில் சேர்ப்பாராம். கண்டறிந்தவர் என்ற இடத்தில் என் பெயர் வரும். பட்டியல் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் அச்சாகும்.

ஆகவே அனுப்பினேன். அனுப்பிய அன்று காலை எப்போதும்போல் ஒருமுறை ஊதித் துடைத்து, ஆறைப் பார்த்து, பஞ்சு வைத்துக் கட்டினேன். பதினோரு ஆண்டுகளில் விளிம்பைத் தவிர வேறெங்கும் என் விரல் பட்டதில்லை.

இன்று அது முத்திரையிட்ட பிளாஸ்டிக் உறைக்குள் வந்திருக்கிறது. மேலே சீட்டு. சீட்டில்: 'சுத்தம் செய்யப்பட்டது. தர எண் வழங்க இயலாது.'

ஆறைப் பற்றி ஒரு சொல் இல்லை.

நாணயம் சேர்ப்போரிடையே 'சுத்தம் செய்யப்பட்டது' என்பது வசை. பளபளப்புக்கு ஆசைப்பட்டு நாணயத்தைத் தேய்த்துக் கெடுத்த அறிவிலி என்று பொருள். என்னையா?

மார்ச் 5, புதன்

தொலைபேசியில் நாற்பத்தேழு நிமிடம் வாத்திய இசை கேட்டேன். பிறகு இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். நாளை மீண்டும்.

மார்ச் 7, வெள்ளி

இன்று ஒரு பெண் பேசினாள். பெயர் சொல்ல அவர்களுக்கு அனுமதியில்லையாம். நாற்பத்திரண்டாம் எண் என்றாள். உரையாடலை அப்படியே பதிகிறேன்; பின்னால் தேவைப்படலாம்.

"மேடம், சிஸ்டத்துல 'சுத்தம் செய்யப்பட்டது'ன்னுதான் இருக்கு."

"உங்கள் சிஸ்டம் என் நாணயத்தை நேரில் பார்த்ததா?"

"நிபுணர்கள் மூணு பேர் பாத்திருக்காங்க மேடம்."

"மூவருக்கும் அந்த ஆறு தெரியவில்லையா?"

"ரகம், அதாவது அச்சுல இருக்கற வித்தியாசம், பாக்கணும்னா படிவத்துல பதினாலாவது கட்டத்துல டிக் பண்ணணும் மேடம். நீங்க பண்ணல."

"டிக் இல்லாவிட்டால் மூவரும் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார்களா?"

விசைப்பலகைச் சத்தம் மட்டும்.

நான் டிக் செய்திருந்தேன். அனுப்பும் எதற்கும் நகல் வைப்பது என் வழக்கம். நகலை எடுத்துப் பார்த்தேன்: பதினான்காம் கட்டம், நீல மை, கொக்கி போல் தெளிவாக. நகலைப் படமெடுத்து மகள் அனுப்பினாள்.

மார்ச் 10, திங்கள்

மின்னஞ்சல் வந்தது. 'உங்கள் அனுபவம் எங்களுக்கு மிக முக்கியம். உங்கள் புகார் தீர்க்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டது.' அதன் கீழே ஐந்து நட்சத்திரங்கள். எங்கள் சேவைக்கு எத்தனை தருவீர்கள் என்று.

தீர்க்கப்பட்டதா? எது? யாருக்கு? என்னைக் கேக்காம எப்படிய்யா தீத்தீங்க?

மன்னிக்க. இந்த வரியை அடிக்க மாட்டேன். இருக்கட்டும்.

மார்ச் 13, வியாழன்

கடிதம் எழுதினேன். நான்கு பக்கம். மூன்று முறை திருத்தி எழுதியது. அதன் நடுப்பகுதி இது:

'என் நாணயம் தங்களிடம் வந்தபோது மாசற்றதாக இருந்தது. அதன் மேல் கீறல் உண்டெனில், அது தங்கள் மேசையில், தங்கள் ஊழியரின் கையால் நேர்ந்ததாகவே இருத்தல் வேண்டும். செய்த தவற்றை வாடிக்கையாளரின் தலையில் ஏற்றுவது எவ்வகை நேர்மை?'

இரவுப் பணி முடித்து வந்த மகள் நின்றபடியே படித்தாள். மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறாள். எதையும் நின்றபடியே படிப்பாள்.

"இது லெட்டராம்மா, சம்மனா?"

"தவறு எங்கே சொல்."

"தப்பே இல்லம்மா. அதான் பயமா இருக்கு. அவங்கதான் தேச்சாங்கன்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"வேறு யார் தேய்த்திருக்க முடியும்? நானா?"

"நான் அப்படிச் சொல்லல. சரி, பேசிக்கிட்டே என் மூக்குல இருந்து கண்ணாடியக் கழட்டாத. நேத்துதான் தொடச்சேன்."

என் கையில் அவள் கண்ணாடி இருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை. துடைத்துக் கொடுத்தேன். நேற்று அவள் துடைத்த லட்சணம் எனக்குத் தெரியாதா?

மார்ச் 14, வெள்ளி

கடிதம் பதிவு அஞ்சலில் சென்றது.

மார்ச் 18, செவ்வாய்

கிரேடிங் நிறுவனத்தின் மேலதிகாரி பத்திலிருந்து பதினொன்றுக்குள் அழைப்பார் என்றார்கள். கண்ணாடிக் கடை முதலாளியிடம் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டு, பின்னறையில் கைப்பேசியை எதிரில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தேன். அழைக்கவில்லை. முதலாளி எட்டிப் பார்த்து, "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வரலியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பன்னிரண்டுக்கு நானே அழைத்தேன். மீண்டும் நாற்பத்திரண்டு.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. நான் குரலை உயர்த்துபவள் அல்லேன். அதைவிட மோசமாகப் பேசத் தெரிந்தவள். "கண் என்று ஒன்று முகத்தில் வைத்திருக்கிறீர்களே, அது எதற்கு?" என்றேன். "கூலிக்குப் பொய் படிக்க உங்களுக்கு வெட்கமில்லையா?" என்றேன்.

பிறகு: "மேடம், நான் ஒரு நாணயத்தக்கூட நேர்ல பாத்ததில்ல. அவங்க வேற கட்டடம். எனக்கு ஸ்கிரீன்ல என்ன வருதோ அதத்தான் படிக்கிறேன்." குரல் தழுதழுத்தது. "நிபுணரோட குறிப்பு உள்ள இருக்கும். அத வெளிய குடுக்கக் கூடாது. நான் கேட்டுப் பாக்கறேன்."

கேட்கட்டும். எனக்கு இரக்கம் வரவில்லை. அழுகையைக் காட்டி வாயை அடைக்கப் பார்க்கிறாள் என்றே நினைத்தேன்.

மார்ச் 21, வெள்ளி

குறிப்பு வந்தது. இரண்டே வரி:

'இருபுறமும் வட்டமாக ஓடும் மென்கோடுகள். மென்மையான துணியால் நீண்ட காலம் மீண்டும் மீண்டும் துடைத்ததன் விளைவு.'

துணியாம். நான் எலுமிச்சை தேய்த்தேனா? பற்பசை பூசினேனா? ஊரில் எத்தனையோ பேர் செய்கிறார்கள், நான் செய்ததில்லை.

மாலையில் சட்டைப்பையை அழைத்துச் சொன்னேன். "எல்லாரும் இப்படித்தாம்மா சொல்வாங்க" என்றார். சிரித்தாரா, இருமினாரா என்று தெரியவில்லை. முகத்தில் அறைந்தது போலிருந்தது.

மார்ச் 22, சனி

கடையில் கூட்டம். பதினொன்றரை மணிக்கு ஒருவர் வந்து, மூன்று மாதங்களுக்கு முன் நாங்கள் செய்து கொடுத்த கண்ணாடியை மேசையில் போட்டார். வீசினார் என்றே எழுத வேண்டும்.

"நீங்க குடுக்கும்போதே கீறல் போட்டுக் குடுத்துட்டீங்க. மாத்திக் குடுங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். இவ்விஷயங்களில் என் சொல்தான் இறுதி. விளக்கின் கீழே கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தேன். நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, சாய்த்தால்தான் தெரியும். தெரிந்தது. மெல்லிய வட்டங்கள், சிலந்தி வலை போல.

"சார், இது கடையில் வந்த கீறல் அல்ல. எங்கள் கீறல் என்றால் நேர்கோடாக இருக்கும். இவை வட்டமாக ஓடுகின்றன. மென்மையான துணியால் நீண்ட நாள் துடைத்ததன் விளைவு."

என் வாயிலிருந்து அந்தச் சொற்கள் வெளியே வந்ததை நான் கேட்டேன்.

"நான் ரொம்ப சுத்தமாத்தான் வச்சிக்கிறேன்" என்றார் அவர். "ஒரு நாளைக்கு நாலு தடவ தொடைக்கிறேன். சும்மா என் மேல பழி போடாதீங்க."

"உலர்ந்த துணியா சார்?"

"ஊதித்தான் தொடைப்பேன்."

கண்ணாடியை முதலாளியிடம் நீட்டிவிட்டேன். முதலாளிதான் அவரிடம் பேசி, பாதி விலைக்கு வேறு லென்ஸ் போட்டுத் தருவதாக அனுப்பிவைத்தார். "என்னம்மா, வழக்கமா நீங்க இன்னும் நாலு வார்த்த சொல்வீங்களே" என்றார்.

வீட்டிற்கு வந்து, காலணியைக்கூடக் கழற்றாமல், மேசை விளக்கின் கீழே நாணயத்தைப் பிடித்தேன். நேராக அல்ல. சாய்த்து.

பதினோரு ஆண்டுகளாக நான் அந்த நாணயத்தைச் சாய்த்துப் பார்த்ததே இல்லை. லென்ஸை வைத்து நேராக ஆறை மட்டும் பார்ப்பேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும். பார்க்குமுன் ஊதி, கடைத் துணியால் இரண்டு சுற்று. லென்ஸ் தொடுபவள் கை அப்படித்தான் போகும், கேட்டுக்கொண்டு போகாது. ஆண்டுக்கு ஐம்பத்திரண்டு ஞாயிறு. பெருக்கிப் பார்த்தேன். பிறகு பெருக்கியதை அடித்துவிட்டேன்.

விரல் படவில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். துணியைப் பற்றி யோசிக்கவே இல்லை.

மார்ச் 24, திங்கள்

இன்று கடையில் முப்பத்தொரு கண்ணாடிகள் துடைத்தேன். வீட்டில் ஒன்றையும் துடைக்கவில்லை. மகள் தன் கண்ணாடியை என் முன் நீட்டி, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். சொன்னேன். முழுவதும் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. "அந்த நாப்பத்திரண்டுகிட்ட என்ன பேசினேன்னு சொன்ன?" என்று மட்டும் கேட்டாள்.

மார்ச் 30, ஞாயிறு

கூட்டம். பதினெட்டுப் பேர். என் முறை வந்ததும் நாணயத்தை உறையோடு நடுமேசையில் வைத்தேன். சீட்டை மறைக்கவில்லை. "சுத்தம் செய்யப்பட்டது என்று எழுதியிருக்கிறார்கள். சரியாக எழுதியிருக்கிறார்கள். துடைத்தது நான். ஆனால் ஆறைப் பாருங்கள்" என்றேன்.

ஒருவர் பெருமூச்சு விட்டார். ஒருவர் தம் பக்கத்திலிருந்தவரின் காதில் ஏதோ சொன்னார். சட்டைப்பை இம்முறை லென்ஸை எடுத்தார். நான் விற்ற லென்ஸ்தான். நெடுநேரம் குனிந்திருந்தார். அவர் பையிலிருந்த நாணயங்கள்கூடக் குலுங்கவில்லை.

"இருக்கும்மா."

"எழுதுங்கள்."

"இருக்கு, ஆனா சீட்டுல இல்லையே. என் கண்ணு சீட்டாகுமா?"

அப்போதுதான் கோபம் முழுமையாக வந்தது. இருபத்தாறு ஆண்டுகளாக ஊரின் கண்களுக்கெல்லாம் நான் வழி செய்து கொடுக்கிறேன்; கண்ணால் கண்டதை ஒப்புக்கொள்ள இவர்களுக்கு ஒரு காகிதத் துண்டு வேண்டும். அதையும் சொன்னேன். சட்டைப்பை பட்டியலின் கைப்பிரதியை எடுத்து, ஒரு வரியில் என் பெயரைப் பென்சிலால் எழுதினார். "பத்தாம் தேதி அச்சுக்குப் போகுது. அதுக்குள்ள சீட்டு வந்தா மையில எழுதறேன். இல்லன்னா அழிச்சிடுவேன்" என்றார்.

மார்ச் 31, திங்கள்

இன்று காலை அனுப்பியது. நகலை இங்கே ஒட்டாமல் என் கையால் எழுதிவைக்கிறேன்.

'கிரேடிங் நிறுவனத்தாருக்கு வணக்கம்.

என் மார்ச் 13 கடிதத்தில் தங்கள் ஊழியர் மீது சாட்டிய குற்றத்தைத் திரும்பப் பெறுகிறேன். நாணயத்தைத் துடைத்தவள் நான். தங்கள் நிபுணரின் கண் சரியானது.

நாற்பத்திரண்டாம் எண் பணியாளரிடம் மார்ச் 18 அன்று நான் பேசியது தகாத பேச்சு. விதியை மீறாமல் எனக்கு உதவ முயன்ற ஒரே ஆள் அவர். இப்பத்தி அவர் பார்வைக்குப் போக வேண்டும். அவர் திரையில் இதுவும் வரட்டும்.

ஆனால் பதினான்காம் கட்டத்தில் நான் டிக் செய்திருந்தேன். நகலை இரண்டாம் முறையாக இணைக்கிறேன். தாங்கள் அதைப் பார்க்கவில்லை. பார்க்காமலேயே என் புகாரைத் தீர்த்ததாக எழுதினீர்கள். என் பிழையை நான் ஒப்புக்கொண்டதால் தங்கள் பிழை மறைந்துவிடாது.

நாணயத்தை மீண்டும் அனுப்பியிருக்கிறேன். கீறல்கள் என்னுடையவை. ஆறு நாணயத்தினுடையது. சீட்டில் இரண்டையும் எழுதுங்கள்.

ஏப்ரல் பத்தாம் தேதிக்குள் எனக்கு அது வேண்டும். விரைவில் பதில் தரவும்.'