பால் காய்ச்சிய நேரம்

ஆகஸ்ட் 4, திங்கள்

போடியில் காவல் நிலையப் பயிற்சிக்கு வந்து ஒரு வாரம். பூட்ஸ் இரண்டு குதிகாலையும் கடித்துவிட்டது. ஏட்டையா கண்ணுச்சாமி என்னைத் தமிழ்செல்வி என்று ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. "பாப்பா, அந்த ஸ்டூலைக் கொண்டா" என்கிறார். போலீஸ்காரியாம் நான்!

ஆகஸ்ட் 7, வியாழன்

போடிமெட்டு வளைவில் ஏலத்தோட்டத்து ஜீப்பு கவிழ்ந்தது. மற்றவர்களுக்கு அடிதான். பொன்னுமணி என்ற பெண் மட்டும் விழுந்த இடத்திலேயே போய்விட்டாள். என் வயதுதான் இருக்கும்.

தேவாரத்தில் இருக்கும் அவள் அம்மாவுக்குச் சொல்லும் வேலை எங்களுக்கு. வழியில் ஏட்டையா சொன்னார்: "செத்துட்டான்னு சொல்லிராத. சீரியஸா இருக்குன்னு மட்டும் சொல்லு. மத்ததை ஆஸ்பத்திரியில வச்சுப் பாத்துக்கலாம். எல்லாரும் அப்பிடித்தான் செய்வோம்."

அப்படியே சொன்னேன். அம்மா கற்பகம் அழவில்லை. "இருங்க பாப்பா, வெறும் வயித்தோட கெடப்பா" என்று பால் காய்ச்சினார். பிளாஸ்க், துண்டு, மகளுடைய நைட்டி எல்லாம் கூடையில் எடுத்து வைத்தார். நான் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தேன்?

ஆஸ்பத்திரியில் பிணவறைப் பக்கம் திரும்பியதும் அவருக்குப் புரிந்துவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்தார். பிளாஸ்க் மடியிலேயே இருந்தது. "எம்மக ஏதாச்சும் பேசுனாளா?" என்று என்னிடம் கேட்டார்.

ஏட்டையா முந்திக்கொண்டார். "அம்மான்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்துச்சும்மா."

ஆறுதலுக்குத்தான் சொன்னார். நானும் தலையை ஆட்டினேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சோறு இறங்கவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

கேஸ் பேப்பரில் கையெழுத்து வாங்கத் தேவாரம் போனேன். கற்பகம் அக்கா பாதியாக இளைத்திருக்கிறார். அடுப்பைப் பார்த்தாலே தலையில் அடித்துக்கொள்கிறாராம், அவர் தங்கை மகாராணி சொன்னார்.

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "எம்மக உசுரோட கூப்பிட்டுக்கிட்டுக் கெடந்திருக்கா. நான் இங்கன பாலைக் காய்ச்சிக்கிட்டு நின்னேனே பாப்பா! வெரசா வந்திருந்தா அவ கண்ணு தொறந்திருக்கப்பவே பாத்திருப்பேனே!"

கடவுளே — நாங்க சொன்ன பொய் எங்க வந்து நிக்குது! ஏட்டையாவிடம் சொன்னேன். "விட்டுரு பாப்பா, நாளாவட்டத்துல ஆறிரும்" என்கிறார். எப்படி ஆறும்?

ஆகஸ்ட் 24, ஞாயிறு

லீவு. யூனிபார்ம் இல்லாமல், தனியாகப் போய்ச் சொல்லிவிட்டேன்.

"அக்கா, நாங்க உங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாலயே பொன்னுமணி போயிருச்சு. விழுந்த இடத்துலயே. நீங்க பறந்து வந்திருந்தாலும் பாத்திருக்க முடியாது. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. நாங்கதான் பொய் சொல்லிட்டோம்."

திட்டுவார், செருப்பைத் தூக்குவார் என்று நினைத்தேன். அவர் மெதுவாகத்தான் கேட்டார்.

"அப்ப, அவ என்னையக் கூப்பிடவே இல்லையா?"

பஸ்சில் அழுதுகொண்டே வந்தேன். நல்லது செய்தேனா, இருந்ததையும் பிடுங்கிக்கொண்டு வந்தேனா? தெரியவில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

மலையடிவாரத்துத் தோட்டத்தில் யானை மிதித்து ராக்கையா என்பவர் இறந்துவிட்டார். மகன் பிரபுவிடம் சொல்லப் போனோம். ஏட்டையா வாயைத் திறப்பதற்குள் நானே சொன்னேன்: "அப்பா இறந்துட்டாருண்ணே."

அவர் சுவரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்தார். "கடைசியா ஏதும் சொன்னாரா?"

"தெரியலண்ணே. ஆளுங்க போய்ப் பாக்குறப்பவே உசுரு இல்ல."

ஏட்டையா என்னை முறைத்தார். உள்ளே அடுப்பில் ஏதோ பொங்கும் சத்தம் கேட்டது. போய் அணைத்துவிட்டு வந்து பிரபு அண்ணன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.