நாற்பது பேர் தள்ளும் மேடையை ஏலப் பட்டியலிலிருந்து நீக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
சி. காளியப்பன் (வயது 64),
லாரி பாடி கட்டுநர் (ஓய்வு),
சந்தைப்பேட்டைத் தெரு,
மணிக்கல்மேடு, நாமக்கல் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு செயல் அலுவலர் அவர்கள்,
பேரூராட்சி அலுவலகம்,
மணிக்கல்மேடு.

பொருள்: சந்தைத் திடல் ஓரம் நிற்பது கேட்பாரற்ற லாரி அல்ல, இசை மேடை என்பதைத் தெரிவித்து, 18-06-2025 அன்று நடக்கவுள்ள பழைய இரும்பு ஏலத்திலிருந்து அதை நீக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: மேற்படி மேடையின் மீது 04-06-2025 அன்று ஒட்டப்பட்ட அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பார்வையில் கண்ட அறிவிப்பைக் கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தேன். "கேட்பாரற்ற சரக்கு வாகனம். பதிவு எண் போலி. இஞ்சின் காணவில்லை, திருடப்பட்டிருக்கலாம்" என்று அதில் உள்ளது. ஒவ்வொன்றுக்கும் என் விளக்கத்தைப் பணிவுடன் அளிக்கிறேன். பிழை பெரும்பாலும் என்னுடையதே என்பதால், அறிவிப்பு ஒட்டிய பணியாளரைத் தாங்கள் கடிந்துகொள்ள வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

1. நான் நாற்பத்தோரு ஆண்டுகள் லாரிக்குப் பாடி கட்டியவன். திரு. அப்புசாமி அவர்களின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பட்டறை வைத்திருந்தேன். 2015ஆம் ஆண்டு வேலை குறைந்து, தகரக் கொட்டகையில் பாதி சும்மா கிடந்தது. அப்போது ஆழ்துளைக் கிணறு போடும் எங்கள் ஊர் ரிக் வண்டி உரிமையாளர் ஒருவரின் மகள் தனப்பிரியா, கிதாரும் மூன்று நண்பர்களுமாக வந்தார். வீட்டில் வாசித்தால் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருகிறார்களாம். "மாமா, உங்க பட்டறையில நாள் பூரா சுத்தியல் சத்தந்தானுங்க. எங்க சத்தம் யாருக்குங்க தெரியப் போவுது?" என்றார். எனக்கு அது நியாயமாகப் பட்டது.

2. பிறகு ஒரு மேடை கேட்டார்கள். எனக்குக் கட்டத் தெரிந்தது ஒன்றுதான். பழைய இரும்புக் கடையில் வாங்கிய லாரி சேஸின் (அடிச்சட்டத்தின்) மேல், ஸ்டியரிங், சக்கரம், பக்கப் பலகை, தார்ப்பாய்க் கொக்கி, டெயில் லைட் எல்லாம் வைத்து இருபத்திரண்டு அடியில் கட்டி முடித்தேன். "மேடைக்கு எதுக்குங்க மாமா டெயில் லைட்டு?" என்று தனப்பிரியா கேட்டபோதுதான் நான் செய்திருக்கும் காரியம் எனக்கே விளங்கியது. பெயிண்டர் காத்தான் என்னைவிட மோசம். பழக்க தோஷத்தில் பின்பலகையில் "இடைவெளி விட்டு வரவும்" என்று எழுதிவிட்டார். பார்வையாளர்கள் உட்காருவது அந்தப் பக்கம்தான். முன்வரிசைக்காரர்கள் கடைசிவரை அந்த எழுத்துக்கு மரியாதை கொடுத்துச் சற்றுத் தள்ளியே சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள்.

3. பதிவு எண் பற்றி: "நம்பரு இல்லாம வண்டிய வெளிய உட்டா என்ற பேரு கெட்டுப் போயிருமுங்க" என்று காத்தான் ஒற்றைக் காலில் நின்றார். இது வெளியே போகாத வண்டி என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. எனவே பட்டறையில் இசை அரங்கம் திறந்த நாளையே எழுதச் சொன்னேன். பலகையில் உள்ள 13032016 என்பது அதுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை உண்மையிலேயே வந்து போனது ஐயா. அதைப் போலி என்று எழுதியதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

4. "பட்டறை அரங்கம்" ஒவ்வொரு மாதமும் இரண்டாம் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு நடந்தது. சேலம் அம்மாபேட்டைத் தறிக்காரர் ஒருவர் தான் எழுதிய பாட்டுகளைப் பாடினார். வாழப்பாடிப் பக்கமிருந்து பறைக் குழு வந்தது. சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியிலிருந்து வந்த வயலின் ஆசிரியை ஒருவர், பட்டுப் புடவையோடு லாரியில் எப்படி ஏறுவது என்று முதலில் திகைத்தார். ஏறியபின் ஒன்றரை மணி நேரம் இறங்கவில்லை. மழை பெய்தால் தகரக் கூரையில் எதுவும் காதில் விழாது. அப்போது கூட்டமே மழைக்குத் தாளம் போடும்.

நேரம் முடிந்தால் நான் பிரேக் லைட் போடுவேன். விளக்கு பார்வையாளர்களை நோக்கி இருந்ததால் பாடுபவருக்கு அது தெரியாது. எல்லோரும் சிரிப்பதைப் பார்த்துத்தான் முடிப்பார். வாசலில் கடலை விற்ற கந்தம்மாள், ஒரு நாள் பாடகர் வராமல் போனதால் தானே மேடையேறினார். சிரிப்பு கேட்டதும், "நீ லைட்டப் போடு சாமி, நான் பாடி முடிச்சுட்டுத்தான் எறங்குவேன்" என்று மைக்கிலேயே சொன்னார். அதன்பிறகு கடலைக் கூடையைக் கணவரிடம் கொடுத்துவிட்டு மாதாமாதம் பாடினார்.

5. இஞ்சின் பற்றி: இதுவே முக்கியமானது. என் பட்டறையில் முடிந்த எந்த வண்டியும் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அதை நசுக்கி நகராமல் தொழிலுக்குப் போனதில்லை. திறப்பு நாளில் வழக்கம்போல் கற்பூரம் காட்டி, நான்கு பழங்களை வைத்துவிட்டேன். பிறகுதான் நகர்த்த இஞ்சின் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. வைத்த பழத்தை எடுக்கவும் மனம் வரவில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். முன்வரிசையில் இருந்த அப்புசாமி அவர்கள்தான் வேட்டியை மடித்துக் கட்டி, "ஏனுங்க, சும்மா பாத்துட்டு உக்காந்திருக்கறதுக்குத் தள்ளலாமுல்லொ?" என்று எழுந்தார். நாற்பது பேர் சேர்ந்து தள்ளினார்கள். மேடை ஓரடி நகர்ந்தது, பழம் நசுங்கியது, தனப்பிரியா முதல் பாட்டைப் பாடினார்.

அன்றிலிருந்து தள்ளாமல் ஒரு கச்சேரியும் தொடங்கியதில்லை. முடிந்ததும் ஓரடி பின்னுக்கு இழுத்து விடுவோம். சென்னையிலிருந்து வந்த குழுவினரும் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுத் தள்ளினார்கள். எனவே இஞ்சின் திருடப்படவில்லை என்று உறுதி கூறுகிறேன்.

6. நிலம் அப்புசாமி அவர்களின் இரு மகன்களுக்கும் பாகம் பிரிந்தபோது, எல்லைக்கல் கொட்டகையின் நடுவில் விழுந்தது. யார் மீதும் குறையில்லை. 08-12-2024 அன்று கடைசி நிகழ்ச்சி நடந்தது. அதே மாதம் 29ஆம் தேதி காலை நான் ஸ்டியரிங் பிடிக்க, மற்றவர்கள் பாடிக்கொண்டே இரண்டு கிலோமீட்டர் தள்ளி வந்து மேடையைச் சந்தைத் திடலில் நிறுத்தினோம். தங்கள் அலுவலகத்தில் எழுத்துப்பூர்வ அனுமதி கேட்காதது என் தவறு. மன்னிக்க வேண்டுகிறேன்.

7. ஆயிரத்துக்கும் மேற்பட்ட லாரிகளுக்குப் பாடி கட்டியிருக்கிறேன் ஐயா. எல்லாம் பட்டறை வாசலைத் தாண்டி அசாம், குஜராத் என்று போய்விட்டன. தொழில் அப்படித்தான். நான் கட்டியதில் ஊரிலேயே தங்கியது இது ஒன்றுதான். இதை உடைத்து எடைக்குப் போட்டால் என்னால் தாங்க முடியாது. இப்படியெல்லாம் மனுவில் எழுதலாமா என்று தெரியவில்லை, எழுதிவிட்டேன்.

ஆகவே, மேற்படி மேடையை ஏலப் பட்டியலிலிருந்து நீக்கி, சந்தை கூடும் செவ்வாய்க்கிழமைக்கு இடைஞ்சலில்லாமல் திடலின் வடக்கு மூலையில் நிறுத்திக்கொள்ளவும், இரண்டாம் ஞாயிறுகளில் மாலை ஐந்து முதல் எட்டு வரை நிகழ்ச்சி நடத்தவும் அனுமதி அளிக்க வேண்டுகிறேன். தாங்கள் விதிக்கும் நிபந்தனைகளுக்குக் கட்டுப்படுகிறேன்.

வடக்கு மூலைக்கு நகர்த்தக் கிரேன் தேவையில்லை. எந்த நாள் என்று மட்டும் தெரிவித்தால் போதும். தனப்பிரியா பெங்களூரிலிருந்து விடுப்பு எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். காத்தான், கந்தம்மாள், அப்புசாமி அவர்களின் இரண்டு மகன்கள் உட்பட இதுவரை முப்பத்தொன்பது பேர் தள்ள வருவதாக உறுதியளித்துள்ளோம். பின்பலகையின் இடது ஓரத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறோம். தாங்கள் வந்து ஒரு கை கொடுக்க வேண்டும். எலுமிச்சம்பழம் நான் கொண்டு வருகிறேன்.

இடம்: மணிக்கல்மேடு
நாள்: 11-06-2025

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) சி. காளியப்பன்

இணைப்பு: திறப்பு நாளில் மேடையைத் தள்ளும்போது எடுத்த புகைப்படம் – 1. (எல்லோரும் முதுகைக் காட்டி நிற்பதால் முகங்கள் தெரியாது. வேட்டியை மடித்துக் கட்டியிருப்பவர் திரு. அப்புசாமி.)