மாவு பூசிய சட்டி

தனாஸி,

ஆட்டுக்கறியை விடியலிலேயே அடுப்புக்குள் வைத்துவிட்டேன். எலுமிச்சை, பூண்டு, ஓரிகனோ இலை எல்லாம் போட்டு, அம்மா செய்வதுபோல் சட்டியின் வாயை மாவு பூசி அடைத்திருக்கிறேன். வெந்துவிட்டதா என்று தோண்டிப் பார்க்காதே. உன்னை எனக்குத் தெரியும்.

மதியம் உன் அண்ணன் அர்கிரி வருகிறான். நான்தான் கூப்பிட்டேன். கலமாட்டாவில் இருந்த நம் வீட்டை அவன் விற்றதற்காக இன்னும் எத்தனை வருஷம் அவனோடு பேசாமல் இருப்பாய்?

மாவை உடைக்கும்போது அம்மா, "ரெண்டு பேரும் வாங்கடா, மொத ஆவி ஒரு தடவதான் வரும்" என்பாள். நீங்கள் தலையை முட்டிக்கொண்டு குனிவீர்கள்.

கோயிலுக்குப் போகிறேன். ரொட்டி துணிக்குள் இருக்கிறது.

அக்கா

பி.கு.: கத்தியைத் தேடாதே, எல்லாவற்றையும் ஒளித்துவிட்டேன். மாவை உடைக்க அப்பாவின் கத்தியை அர்கிரி கொண்டுவருவான்.