கரை தொடாத நாளில் சம்பந்திகள்

கப்பலின் மேல்தளம்,
நான்காம் நாள், காலை.

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாள் அவர்களுக்கு,

நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். விடிவதற்கு முன்னால் என் கையைப் பிடித்து நாடி பார்த்த விரல்களில் அத்தனை தெம்பு இருந்தது. தூங்குகிறவள் உயிரோடு இருக்கிறாளா என்று பார்க்க இது உங்கள் வார்டு இல்லை. தலைமை நர்ஸ் வேலையிலிருந்து நீங்கள் ஓய்வு பெற்றாகிவிட்டது. உங்கள் கைக்கு மட்டும் அதை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

நேற்று சாப்பாட்டு மேஜையில், முன்பின் தெரியாதவர்களுக்கு எதிரில், "அவங்களுக்கு சுகர் இருக்கு, எடுத்துட்டுப் போங்க" என்று என் ஐஸ்கிரீமைத் திருப்பி அனுப்பினீர்கள். அத்தோடு உங்களுடன் பேச்சு வார்த்தை முடிந்தது. ஒரே அறையில் இருந்து தொலைக்க வேண்டியிருப்பதால் இந்தக் கடிதம். ஜூஸ் கொண்டுவரும் பெண்மணியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

இன்று கப்பல் எந்தக் கரையிலும் நிற்காது. அப்படிப்பட்ட நாளுக்கும் அட்டவணை எழுதிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறீர்கள். நடையாம், மூச்சுப் பயிற்சியாம், துண்டை யானை, அன்னம் என்று மடிக்கிற வகுப்பாம். பஸ் கண்டக்டராக வேலை பார்த்த காலமெல்லாம் நின்றுகொண்டே இருந்தவள் நான். இப்போது சாய்வு நாற்காலியில் படுத்திருக்கிறேன். செருப்பு எங்கே கிடக்கிறது என்று தெரியவில்லை, தேடவும் போவதில்லை. கடல் அது பாட்டுக்குக் கிடக்கிறது, நான் என் பாட்டுக்குக் கிடக்கிறேன். மீதிச் சில்லறை கேட்க ஒருத்தரும் இல்லை. என்னைக் கூப்பிட ஆள் அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகளின் அம்மா.


நம் அறை,
அதே நாள், அதே காலை.

சம்பந்தி அம்மாள் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் ஜூஸ் கறையோடு வந்து சேர்ந்தது. நான் வேண்டுமென்று நாடி பார்க்கவில்லை. "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்று தூக்கத்தில் நீங்கள்தான் கத்தினீர்கள். காய்ச்சலில் பிதற்றுகிறீர்களோ என்று கை தானாகப் போய்விட்டது. அந்தப் பாவத்துக்கு இந்தப் பேச்சு.

காலை மாத்திரையை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். இத்துடன் அனுப்புகிறேன். விழுங்குங்கள், அல்லது கடலில் எறியுங்கள், உங்கள் உடம்பு.

விஷயத்துக்கு வருகிறேன். நம் பிள்ளைகள் நம்மைக் கப்பலேற்றியது ஐஸ்கிரீம் சாப்பிட இல்லை. அவர்களுடைய புது வீட்டில் மிச்சம் இருப்பது ஒரே ஓர் அறை. நம் இருவரில் யார் அவர்களோடு போய் இருப்பது என்று நாமே பேசி முடித்துக்கொண்டு வரச் சொன்னார்கள். நாளை கரையேறிவிடுவோம். நீங்களோ இதுவரை வாயே திறக்கவில்லை. சீட்டில் துண்டைப் போட்டு இடம் பிடித்தவர் மாதிரி காலை நீட்டிக் கிடக்கிறீர்கள்.

அந்த அறை எனக்கு வேண்டும். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளையின் அம்மா.


மேல்தளம்,
உச்சிவேளை.

சம்பந்தி அம்மாள் அவர்களுக்கு,

துண்டு போட்டு இடம் பிடிப்பவர்களை எழுப்பிவிட்டவள் நான், போட்டவள் இல்லை.

உங்களுக்கு வேண்டும் என்றால் உடனே ஆகிவிடுமா? அவளைப் பெற்றவள் நான். அப்பா இல்லாத பிள்ளை. முதல் பஸ்ஸுக்குப் போகும்போது, தூங்குகிறவளை அப்படியே அள்ளிப் பக்கத்து வீட்டில் படுக்க வைத்துவிட்டுப் போய் வேலை பார்த்து வளர்த்தேன். உங்கள் மகனைப் பற்றியும் தெரியும். குடித்த டம்ளரைக் கழுவி வைக்கவேண்டும் என்பதே என் பெண் வந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. இந்த லட்சணத்தில் என் வளர்ப்பை நீங்கள் குறை சொல்லுவீர்கள், கல்யாணத்தன்றே ஆரம்பித்தீர்கள்.

மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். பிறகு தூங்கினேன். எழுந்தேன். மறுபடி தூங்கினேன். நடுவில் ஐஸ்கிரீம் சாப்பிட்டேன். எழுந்து வந்து பிடுங்குங்கள் பார்க்கலாம்.

அறையைப் பற்றி இப்போது பேசமாட்டேன். இன்று எனக்கு லீவு.

உங்கள் மருமகளின் அம்மா.


நம் அறை,
பிற்பகல்.

சம்பந்தி அம்மாளுக்கு,

லீவா? என் வயிற்றில் நெருப்பைக் கட்டிவிட்டு உங்களுக்கு லீவா?

துண்டு மடிக்கிற வகுப்புக்குத் தனியாகப் போனேன். எல்லோரும் ஜோடி ஜோடியாக வந்திருந்தார்கள். என் துண்டின் மறுமுனையைப் பிடிக்க ஆளில்லை. பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

உங்களிடம் போய் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று வெட்கமாக இருக்கிறது. என் வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. முனகல், இருமல், மணிச் சத்தம் எல்லாவற்றுக்கும் நடுவில் இருந்து பழகியவள் நான். இப்போது பிரிட்ஜ் ஓடுகிற சத்தம் நின்றால் திக்கென்று எழுந்து உட்காருகிறேன். யாரும் கூப்பிடாத வீடு. எனக்குப் பயமாக இருக்கிறது.

நீங்கள் அதற்குச் சிரிப்பீர்கள். சிரியுங்கள். உங்கள் பெண் என்னிடம் போனில் சொன்னதையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள். "அத்தை, அம்மா வந்தா வீடே பஸ் மாதிரி ஆயிடும். விசில் ஊதிக்கிட்டே இருப்பாங்க. நீங்களே வந்துடுங்க." கடைசிவரை சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். சொல்ல வைத்துவிட்டீர்கள்.

மாப்பிள்ளையின் அம்மா.


மேல்தளம்,
விளக்கு போடும் நேரம்.

சம்பந்தி அம்மாளுக்கு,

சொல்லியிருப்பாள். உங்கள் எழுத்திலேயே அவள் குரல் கேட்கிறது. வயிறு எரிந்தது, மறைக்கவில்லை. நாள் முழுக்கக் கிடைத்த சுகத்தை ஒரே வரியில் கெடுத்துவிட்டீர்கள். உங்களுக்குக் கைவந்த கலை.

இப்போது நீங்கள் கேளுங்கள். அந்த அறைக்கு அவர்கள் முதலில் கூப்பிட்டது என்னை. உங்கள் மருமகள் முழுகாமல் இருக்கிறாள். "அம்மா, ராத்திரி குழந்தைய நீ பாத்துக்கிட்டேன்னா நாங்க கொஞ்சம் தூங்கிட்டு வேலைக்குப் போவோம்" என்றாள். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். இன்னொரு வண்டியில் டூட்டிக்கு ஏற எனக்குத் தெம்பில்லை. அந்தக் கோபத்தில்தான் உங்களிடம் விசில் அது இது என்று பேசியிருக்கிறாள். "அப்போ நீயே அத்தைகிட்ட பக்குவமா நல்ல செய்தியச் சொல்லி, விட்டுக்குடுத்துட்டு வா" என்றுதான் என்னை உங்களோடு கப்பலேற்றினார்கள்.

ஆக, நீங்கள் இரண்டாவது ஆள். உங்களுக்குக் கிடைக்கப்போவது அறை இல்லை, நைட் டூட்டி.

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்பீர்கள். நீங்கள் தவிப்பதைப் பார்க்க நன்றாக இருந்தது. கல்யாணத்தன்று என் சொந்தக்காரர்கள் நடுவில் "கண்டக்டரம்மா" என்று கைதட்டிக் கூப்பிட்டீர்களே, அதற்கு.

அறையை வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தோன்றும்போதெல்லாம் வருவேன், பிள்ளையைக் கொஞ்சுவேன், அழ ஆரம்பித்தால் உங்கள் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்புவேன். இன்று படுத்துக்கொண்டே போட்ட திட்டம் அது ஒன்றுதான்.

மருமகளின் அம்மா.


நம் அறை,
அதே நாள், இரவுச் சாப்பாட்டுக்கு முன்.

அம்மாளுக்கு,

படித்தேன். அழுதேன். சந்தோஷத்தில், உங்களுக்காக ஒரு சொட்டும் இல்லை.

நைட் டூட்டி என்று சொன்னால் எனக்குச் சுருக்கென்று தைக்கும் என்று நினைத்தீர்கள். ராத்திரியில் என்னைக் கூப்பிட ஒரு குரல் வரப்போகிறது. அதற்கு இரண்டாவது என்ன, பத்தாவது ஆளாகக் கூப்பிட்டிருந்தாலும் ஓடுவேன்.

ஆனால் இப்படி ஒரு செய்தியை மடியில் கட்டிக்கொண்டு, பக்கத்துக் கட்டிலில் நான் புரள்வதைப் பார்த்து ரசித்தீர்களே, அதை நான் மன்னிக்கமாட்டேன். செத்தாலும் மன்னிக்கமாட்டேன்.

நீங்கள் கொஞ்ச வருவது பற்றி: தோன்றும்போதெல்லாம் வர முடியாது. என் பொறுப்பில் இருந்த எந்த இடத்திலும் அது நடந்ததில்லை. பார்வையாளர் நேரம் மாலை நான்கு முதல் ஆறு வரை. கை கழுவிவிட்டு வரவும்.

தலைமை நர்ஸ்.