துளையில்லாத பெட்டி

ஜூன் 9, திங்கள்

மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே போனில் பார்த்தேன். நிம்போ கம்பெனித் தலைவர் மேடையில் நின்று, உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளைப் பெட்டியைத் தூக்கிக் காட்டினார். அடுத்த வருஷம் வரப்போகும் கேம் மெஷின். டிஸ்க் கிடையாது, வயர் கிடையாது, எதையும் செருக ஒரு துளைகூடக் கிடையாது. விளையாட்டெல்லாம் நெட் வழியாகவே வருமாம், மாதா மாதம் சந்தா. "இனி நாங்கள் பெட்டி விற்பவர்கள் அல்ல" என்றார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

கடைசியில் இன்னொன்று. இப்போது வீடுகளில் இருக்கும் பழைய மெஷினிலும், கம்பெனி முத்திரை இல்லாத கருவி எதுவும் ஆகஸ்ட் ஒன்றிலிருந்து வேலை செய்யாது. பாதுகாப்புக்காகவாம்.

யாருடைய பாதுகாப்பு?

என் அண்ணன் அருண்ராஜ் கையால் விளையாடுகிறவன் இல்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து கழுத்தில் அடிபட்டது. அன்றிலிருந்து கழுத்துக்குக் கீழே வலது முழங்கை மட்டும்தான் கொஞ்சம் அசையும். தாடைக்கு ஒரு பட்டன், முழங்கைக்கு இரண்டு, வாயால் ஊத ஒரு குழாய். அவன் சொல்லச் சொல்ல நான் பற்றவைத்தவை. படகு எஞ்சின் மெக்கானிக் ஆயிற்றே, படுத்துக்கொண்டே என்னை வேலை வாங்கினான். அதில் எங்கே இருக்கிறது கம்பெனி முத்திரை?

சாப்பிடவில்லை.

ஜூன் 10

எப்படிச் சொல்வது என்று நாளெல்லாம் யோசித்துக்கொண்டு வீட்டுக்குப் போனால், "தெரியும். ரஃபீக் சொல்லிட்டான்" என்றான். அவ்வளவுதான். திரும்ப ஆட்டத்துக்குள் போய்விட்டான்.

ரஃபீக் கோட்டக்குப்பத்துக்காரன், ஷார்ஜாவில் வேலை. நெட்டில் ஆடும் கால்பந்து டீமில் அண்ணனோடு இருக்கிறான். பதினோரு பேர், அண்ணன்தான் கேப்டன். யாராவது பந்தை விட்டால் கிழிகிழியென்று கிழிப்பான். அவன் கட்டிலில் கிடப்பது அந்தப் பத்துப் பேரில் ஒருவருக்கும் தெரியாது. வாயாடி கேப்டன், அவ்வளவுதான். இங்கே எங்கள் ஊர் அனுமந்தையில் அவனைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் "உச்" கொட்டுகிறார்கள். ஆட்டத்தில் யாரும் கொட்டுவதில்லை.

ஜூன் 14

இலக்கியாவுக்குப் போன் போட்டேன். போன அக்டோபரில் அடுத்த மெஷினுக்குச் சர்வே என்று கம்பெனி சார்பாகச் சென்னையிலிருந்து வந்த பெண். நாலு மணி நேரம் அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பட்டனையும் படம் எடுத்தாள், அளந்தாள். "உங்கள மாதிரி ஆளுங்க சொல்றதுதாங்க அடுத்த மெஷின்ல வரும்" என்றாள். அண்ணன் அதற்குப் பிறகு ஒரு வாரம் வேறு பேச்சே பேசவில்லை.

"ரிப்போர்ட்ல எழுதினேங்க. நாப்பத்தோராவது பக்கம்."

"அப்புறம்?"

"மீட்டிங்ல கேட்டாங்க, இது எத்தனை பேருன்னு. இது ஒரு மார்க்கெட்டே இல்லைன்னு சொல்லிட்டாங்க."

மார்க்கெட் இல்லை! எனக்குக் கண் மண் தெரியவில்லை. "எங்கம்மா உனக்கு வஞ்சிரம் வறுத்துப் போட்டாங்களே, அத எந்தப் பக்கத்துல எழுதுன?" என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். நான் வேலை பார்க்கும் கடைக்கு வெளியே வெயிலில் நின்றிருந்த உப்பு லாரி டிரைவர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

ஜூன் 17

நான் வேலை பார்ப்பது மரக்காணத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். காலையிலிருந்து சாயங்காலம் வரை மனுதான். முதியோர் பென்ஷன், பட்டா மாற்றம், ஊனமுற்றோர் வண்டி. அந்தக் கையாலேயே கம்பெனிக்கும் ஒன்று அடித்தேன். "படுத்த படுக்கையாக, யாதொரு ஆதரவுமின்றி வாழும் என் அண்ணனின் ஒரே மகிழ்ச்சியைப் பறிக்க வேண்டாமெனத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்." ஒரு நிமிஷத்தில் பதில்: உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம். இயந்திரம் எழுதிய பதில்.

வந்த ஆத்திரத்தில் மனுவை அப்படியே நெட்டில் போட்டுவிட்டேன். அண்ணன் போட்டோவோடு.

ஜூன் 20

நாற்பதாயிரம் பேர் பகிர்ந்திருக்கிறார்கள். நான் சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன். முட்டாள்.

"யாரக் கேட்டுப் போட்ட?" என்றான். சத்தமே இல்லை.

"உனக்காகத்தானே—"

"என்ன போட்டோடி அது? வாய் கோணிக்கிட்டு, வேட்டி வெலகிக்கிட்டு. ரஃபீக் பாத்துட்டான். எல்லாரும் பாத்துட்டானுங்க. நான் என்ன மனு குடுக்குறவனா? ஆதரவில்லாதவனா? அப்ப நீ யாரு, அம்மா யாரு?"

அம்மா உள்ளே வந்து, "என்னடா ஆச்சு?" என்றாள். "உம் பொண்ண வெளிய போவச் சொல்லு" என்றான்.

கம்பெனி துளையை அடைக்க இன்னும் நாற்பது நாள் இருந்தது. நான் மூன்றே நாளில் அடைத்துவிட்டேன்.

ஜூன் 21

பேசவில்லை. பட்டன்களை அம்மாவைத்தான் கட்டிவிடச் சொன்னான்.

ஜூன் 25

போட்டோவை எடுத்துவிட்டேன். எடுத்து என்ன பிரயோஜனம்? அது எங்கெங்கோ போய்விட்டது.

இன்று அவனே வாயைத் திறந்தான், என்னைப் பார்க்காமல். "ரெண்டு கோல் என்னாலதான் போச்சு. ஒருத்தன்கூடத் திட்டல. 'பரவால்ல கேப்டன், பரவால்ல கேப்டன்'ங்கிறானுங்க." அப்புறம், "ரஃபீக் மட்டும் கடைசியா, எரும மாடுன்னான்."

நான் அழுதேன். "அழுவுறதுன்னா அடுப்பங்கரைக்குப் போ. இல்ல, பேப்பர் எடு" என்றான்.

ஜூன் 29, ஞாயிறு

பேப்பர் எடுத்தேன். அவன் சொன்னான், நான் எழுதினேன். காலை முழுக்க. "தாழ்மையுடன்" என்று பழக்கத்தில் ஆரம்பித்தேன். "அடி. அத அடிச்சுடு."

கடிதத்தில் 'ஐயோ பாவம்' என்பதே இல்லை. கம்பெனி முத்திரையோடு விற்கும் ஊனமுற்றோர் பட்டனை ஒருமுறை கடன் வாங்கிப் பார்த்திருக்கிறோம். அதை அவன் உரித்துத் தோரணம் கட்டினான். "உங்கள் பட்டன் கை உள்ளவன் அழுத்திப் பார்த்துச் செய்தது. தாடையால் அரை மணி நேரம் அழுத்திப் பாருங்கள், காது வரை வலிக்கும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் எங்கள் ஊர் உப்புக் காற்றில் ஐந்து வாரம் தாங்காது. உலகத்தில் பாதி ஊர் கடலோரம்தான் இருக்கிறது." அப்புறம், புதுப் பெட்டியில் துளை வேண்டாமென்றால் வெளியே ஒரு சின்ன ரிசீவர் வைத்து யார் செய்த பட்டனும் பேசும்படி விடலாமே, அதற்கு எத்தனை சிக்னல் வேண்டும் என்று வரிசையாக. கடைசி வரி: "நான் மார்க்கெட் இல்லை. மெக்கானிக்."

இந்த மூளையைத்தான் நான் ஆதரவில்லாதது என்று எழுதினேன்.

ஜூலை 8

அனுப்ப ஆள் வேண்டும். ரோஷத்தை விழுங்கிக்கொண்டு இலக்கியாவிடமே கேட்டேன். மெஷின் வடிவமைக்கும் பிரிவின் தலைமை அம்மாவின் கைக்கே நேராக அனுப்புகிறேன் என்றாள். "எங்க மேனேஜரத் தாண்டிப் போறேன். வேலை போனா போவட்டுங்க." போனை வைக்கும் முன், "அன்னிக்கு நீங்க கேட்டது இன்னும் காதுல இருக்குது" என்றாள்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கோபம் இன்னும் இறங்கவில்லை.

ஆகஸ்ட் 1

அனுமதிக்கப்படாத கருவி. அகற்றவும்.

திரையில் இதுதான். டீமுக்கு ரஃபீக்கைக் கேப்டனாகப் போட்டிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 19

கம்பெனியிலிருந்து ஆள் பேசினார். வடிவமைப்புப் பிரிவு இல்லை, விளம்பரப் பிரிவு. நெட்டில் மனுவைப் பார்த்தார்களாம். அண்ணனை வைத்து ஒரு உருக்கமான வீடியோ எடுப்பார்களாம், பதிலுக்கு முத்திரை போட்ட பட்டன் ஒரு செட் இலவசம். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.

"ஏம்பா, உங்க வீட்ல கண்ணாடி இல்ல? உருக்கமா எடுக்கணும்னா உம் மூஞ்சிய எடுத்துக்க" என்றான் அண்ணன்.

அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம் ராத்திரிச் சோற்றைப் பிசையும்போது மறுபடி கோபம் வந்துவிட்டது. பட்டனை அடைத்ததும் அவர்கள்தான், திறந்துவிடுவதாகப் படம் காட்டப்போவதும் அவர்கள்தான்.

ஆகஸ்ட் 30

கடிதத்துக்குப் பதில் வந்துவிட்டது. அந்தத் தலைமை அம்மாவே எழுதியிருக்கிறார். புதுப் பெட்டியில் துளை வராது, அது முடிந்துபோன முடிவு. பழைய மெஷினின் பூட்டையும் அவரால் திறக்க முடியாது. ஆனால் அண்ணன் சொன்ன ரிசீவரைச் செய்து பார்க்கிறார்கள். மாதிரி ஒன்றை அனுப்பினால் சோதித்துச் சொல்வாரா? ஒரு வருஷ ஒப்பந்தம், சம்பளம் உண்டு.

ஒப்பந்தத்தை மூன்று தடவை படிக்கச் சொன்னான். போட்டோ எடுக்கலாம் என்றிருந்த பிரிவை அடிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பினான். அடித்துக் கொடுத்தார்கள்.

செப்டம்பர் 15, திங்கள்

காலையில் சட்டை போட்டுவிடச் சொன்னான். கட்டம் போட்டது வேண்டாம், வெள்ளை. நான் அரை நாள் லீவு.

பத்து மணிக்கு லேப்டாப்பில் நாலு பேர் வந்தார்கள். போன வாரம் வந்த ரிசீவரில் நம் பட்டன்களை மாட்டியிருந்தேன். அண்ணன் வணக்கம் சொன்னான், அடுத்த மூச்சில் ஆரம்பித்துவிட்டான். தாடையால் அழுத்தினால் பந்து தாமதமாகப் போகிறது, ஊதினால் இரண்டு தடவை எடுத்துக்கொள்கிறது, உப்புக் காற்றுக்கு மூடியில் ஈயப் பூச்சு எங்கே? இலக்கியா ஓரத்தில் உட்கார்ந்து மொழிபெயர்க்கத் திணறினாள். ஒருவர் அண்ணனை எதிர்த்து வாதாடினார், குரலை உயர்த்தியே. அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! விட்டுக்கொடுக்கவே இல்லை. பதினொன்றரை ஆயிற்று.

மீன் கூடையோடு உள்ளே வந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"யாரப் போட்டுடி இவன் இவ்ளோ திட்டுறான்?"

"ஷ்ஷ். வேலையில இருக்கான்மா" என்றேன்.