‘கில்ட்டி’ என்று சொன்னேன்

12 ஜனவரி 1931
கோர்ட்டில் இன்று ஏழு கேஸ். கடைசியாக வந்தவன் நல்லகாமன், திருமங்கலம் பக்கத்தில் பயிர் செய்யும் சம்சாரி. சந்தையில் மாடு திருடியதாக வழக்கு. உள்ளே வரும்போது போலீஸ்காரன் பிடித்துத் தள்ள, திரும்பிச் சத்தம் போட்டான். டவாலிச் சேவகன் அதட்டினான். அந்த அமளியிலேயே, மாஜிஸ்திரேட் துரை கேட்கச் சொன்னதை நான் தமிழில் கேட்டேன்: “மாடு திருடினது உண்டா?”

“தப்புத்தான் சாமி” என்று கும்பிட்டான்.

‘கில்ட்டி’ என்றேன் துரையிடம். ஆறு மாதம்.

13 ஜனவரி
வாசலில் அவன் பெண்சாதி ஒச்சாயி. “சத்தம் போட்டதுக்குத்தானே சாமி தப்புன்னாரு? மாட்டை அவரு கண்ணால கூடப் பாக்கலையே. நீங்க இங்கிலீசுல என்ன சொன்னீக?”

விறுவிறுவென்று உள்ளே போய்விட்டேன்.

14 ஜனவரி
பொங்கல். “வெல்லம் கம்மியாயிடுத்து, தப்பா நினைச்சுக்காதேங்கோ” என்றாள் என் மனைவி பாலாம்பாள். இவளை யாராவது கில்ட்டி என்பார்களா? அகராதியைப் புரட்டினேன். எரர், ஃபால்ட், ராங், கில்ட் — வெள்ளைக்காரன் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் வைத்திருக்கிறான். நம் வாயில் எல்லாமே தப்புதான். இருபது வருஷமாக இதே மொழிபெயர்ப்பு வேலை. இதற்கு முன் எத்தனை பேர்?

19 ஜனவரி
தலைமைக் குமாஸ்தா சிரஸ்தாரிடம் சொன்னேன். “ஓய், ரிக்கார்டுல ஏறியாச்சு. இப்ப வாயைத் திறந்தா உம்ம வேலை போகும்.”

திறக்கவில்லை.

2 பிப்ரவரி
ஒச்சாயி இன்றும் வாசலில் நிற்கிறாள். பின்வாசல் வழியாக வந்தேன்.

11 பிப்ரவரி
ஜெயிலில் பேதி கண்டிருக்கிறதாம். போலீஸ்காரர்கள் பேசிக்கொண்டார்கள். யார் யாருக்கு என்று நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? பயம்டா, வேறென்ன!

12 பிப்ரவரி
எழுதிக் கொடுத்துவிட்டேன். அவன் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை, பிழை என்னுடையது என்று. துரை இரண்டு தரம் படித்தார். “ஒரு மாதமாக என்ன செய்துகொண்டிருந்தாய்?” மேல்கோர்ட்டுக்கு அனுப்புவதாகச் சொன்னார்.

9 மார்ச்
விடுதலை உத்தரவு வந்தது. நகலை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். ஒச்சாயி இல்லை, அவள் தம்பி பேயாண்டி நின்றான்.

“மச்சான் முந்தாநாள் பேதியில போயிட்டாரு சாமி. நேத்துப் பொதைச்சாச்சு. அக்கா ஒங்ககிட்டச் சொல்லிட்டு வரச் சொல்லுச்சு.”

“நானும் வருகிறேன்” என்றேன்.

திருமங்கலம் வரை பஸ். அப்புறம் நடை. ஒச்சாயியிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். பின்வாசலையும் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். பொழுதைப் பார்த்தாள்.

“கடைசி பஸ்ஸு போயிரும். கெளம்புங்க சாமி.”